ஆற்றலும் அனுமதியும்: ஆங்கிலத் துணைவினைகள் சிலவற்றின் சமூக வரலாறு

1. பிரச்சினை

ஆங்கிலத்தைப் பாடசாலையிற் கற்ற எவரும் எளிதில் மறக்கமுடியாத காட்சி ஒன்று உண்டு. மாணவன் ஒருவன் எழுந்து நின்று, வெளியே போய்வர ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் இசைவு கேட்கிறான். ‘கான் ஐ கோ அவுட்?’ என்பது அவன் வாயில் வரும் வாக்கியம். ஆசிரியர் அவன் கேட்ட பொருளுக்கு விடையளிப்பதில்லை. கேட்ட மொழிக்கே விடையளிக்கிறார். நடந்து செல்லும் வலு உன் கால்களுக்கு உண்டு, அதில் ஐயமில்லை. போக அனுமதி உண்டா என்பதுதான் கேள்வியாயின் ‘மே ஐ’ என்று கேள், என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. மாணவன் வாக்கியத்தைத் திருத்திச் சொன்ன பின்னரே கதவு அவனுக்குத் திறக்கிறது.

இலங்கையில் மட்டுமன்றி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வகுப்பறை வேடிக்கை இது. ‘கான்’ ஆற்றலை உணர்த்தும், ‘மே’ அனுமதியை உணர்த்தும், ஒன்றன் இடத்தில் மற்றது வருதல் வழு என்ற விதி இதற்கு ஆதாரமாக உள்ளது. இவ்விதியை மொழியின் இயல்பாகவே கொண்டு மனனஞ் செய்தவர்கள் நாம். ஆயின் இவ்விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது மொழியின் உள்ளிருந்து முகிழ்த்ததா, மொழியின்மீது ஏற்றப்பட்டதா? ஏற்றப்பட்டதாயின் எவரால், எக்காலத்தில், எத்தேவை கருதி? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொற்களின் பொருள் மாறியமைக்கு வர்க்க நலன்களை நேரடிக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது என்பதும், அம்மாற்றத்தின் ஒரு கட்டத்தை நிறுத்தி விதியாக்கியமையும் அவ்விதியைக்கொண்டு மனிதரைத் தரம்பிரித்தமையும் முற்றிலும் சமூகச் செயல்களே என்பதும் எமது கருத்துக்களாகும்.

2. சொற்களின் பூர்வீகம்

ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில், இன்றைய ‘கான்’ என்பதன் மூலவடிவம் ‘குன்னன்’ என்பதாகும். அதன் பொருள் அறிதல். ‘நோ’ என்னும் ஆங்கில வினையும், சமஸ்கிருதத்தின் ‘ஞா’ என்னும் வினையடியும், அதன்வழித் தமிழிற் புகுந்த ‘ஞானம்’ என்னும் சொல்லும் இதனோடு ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திற் பிறந்தவை என்பது ஒப்பியல் மொழிநூலார் முடிபு. ஒன்றைச் செய்ய அறிந்தவனே அதனைச் செய்ய வல்லவன். எனவே அறிதற் சொல் ஆற்றற் சொல்லாயிற்று. சோசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் ஒரு மொழியையோ பாடலையோ செயப்படுபொருளாகக் கொண்டு, அதனை அறிந்திருத்தல் என்ற பொருளில் ‘கான்’ முழுவினையாகவே வழங்கியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெட்’ நாடகத்திலும் குதிரையேற்றத் திறனைக் குறிக்க அது அவ்வாறு தனித்து வந்துள்ளது.

‘மே’ என்பதன் மூலவடிவம் ‘மகன்’ (தமிழ்ச் சொல்லோடு தொடர்பற்றது). வலிமையுடைத்தாதல், மேற்படுதல், இயலுதல் என்பன அதன் பொருள்கள். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும், அதிகாரத்தைக் குறிக்கும் ‘மாக்ட்’ என்னும் ஜேர்மன் சொல்லும் இதன் உறவினங்கள். இன்று பணிவோடு இசைவு கேட்கப் பயன்படும் சொல், தோற்றத்தில் வலிமையின் சொல் என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் அனுமதியைக் குறிக்க வழங்கிய சொல் வேறு, அது ‘மோத்தன்’. அதன் இறந்தகால வடிவமே இன்றைய ‘மஸ்ட்’. அனுமதியின் சொல் கட்டாயத்தின் சொல்லாக மாறியபோது, அது விட்டுச்சென்ற இடத்தை வலிமையின் சொல்லான ‘மே’ நிரப்பியது. ‘மே’ விட்டுச்சென்ற ஆற்றலின் இடத்தை அறிவின் சொல்லான ‘கான்’ நிரப்பியது. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் இவ்விடமாற்றம் பெரிதும் நிறைவுற்றுவிட்டது. இதே குழுவைச் சேர்ந்த ‘ஷல்’ கடன்படுதலைக் குறித்த வினையிலிருந்தும், ‘ஓட்’ உடைமையைக் குறித்த வினையிலிருந்தும் வந்தன.

ஆங்கிலம் பயிலும் எமது மாணவர்க்குப் புதிராகத் தோன்றும் சில இயல்புகளும் இவ்வரலாற்றால் விளக்கம் பெறுகின்றன. படர்க்கை ஒருமையில் ஏனைய வினைகள் ஏற்கும் ‘எஸ்’ விகுதியை ‘கான்’, ‘மே’ என்பன ஏற்பதில்லை. இவை பண்டு நிறைவுற்ற செயலைக் குறித்த வடிவங்களாயிருந்து நிகழ்காலப் பொருள் பெற்றவை. கற்று முடித்தேன் என்பதன் பயன் இன்று அறிவேன் என்பதுதானே. ‘குட்’ என்பதன் எழுத்துக்கூட்டலில் ஒலியாது நிற்கும் ‘எல்’ எழுத்து, ‘வுட்’, ‘ஷுட்’ என்பவற்றைப் பார்த்துப் பின்னர் செருகப்பட்டது. அதற்குச் சொற்பிறப்பில் இடமில்லை. காலப்போக்கில் ‘கான்’ தன் எச்ச வடிவங்களைப் பொதுமொழியில் இழந்தது. அவ்வெற்றிடத்தைப் பிரெஞ்சு வழியாக வந்த ‘ஏபிள்’ என்னும் சொற்கொண்ட தொடர் நிரப்பியது. இன்றும் கடந்தகாலத்துப் பொதுவான ஆற்றலுக்கு ‘குட்’ வருமாயினும், குறித்த ஒரு சந்தர்ப்பத்தில் செய்து முடித்ததைக் கூற ‘வொஸ் ஏபிள் டு’ என்பதே வேண்டப்படுகிறது.

3. ஓர் எச்சரிக்கை

வலிமையின் சொல் அனுமதியின் சொல்லாயிற்று என்றவுடன், நிலமானிய சமுதாயத்தில் வலிமையாவது மேலோன் வழங்கும் சலுகையே, ஆகவே சொல்லும் அவ்வாறு மாறியது என விளக்கம் கூற மனம் விழையும். மார்க்சியத்தின் பெயரால் இத்தகைய விளக்கங்கள் தரப்பட்டதுண்டு. அவை கவர்ச்சியானவை, ஆயின் சான்றுகள் இடந்தரவில்லை.

ஜேர்மன் மொழியை நோக்குவோம். ‘மே’ என்பதன் உடன்பிறப்பான ‘ம்யோகன்’ அங்கு அனுமதியைக் குறிக்கவில்லை, விரும்புதலைக் குறிக்கலாயிற்று. அனுமதிக்குரியது ‘துர்ஃபன்’, அதன் பழைய பொருள் தேவைப்படுதல். ஒல்லாந்த மொழியிலோ ‘மொகன்’ ஆங்கிலத்தைப் போலவே அனுமதியைக் குறிக்கிறது. மூன்று சமுதாயங்களும் நிலமானிய அமைப்பைக் கண்டவையே. ஒரே மூலச்சொல் இரண்டில் ஒருவழியும் ஒன்றில் வேறுவழியும் சென்றது. மேலும் ஆற்றற் சொற்கள் காலப்போக்கில் பொதுவான இயல்தகவையும், பின் அனுமதியையும் உணர்த்த வருதல் உலகின் பல மொழிகளிலும் காணப்படும் போக்கு என்பதை அண்மைக்கால ஒப்பியலாய்வுகள் காட்டியுள்ளன.

மொழியை மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதியாகவும் வர்க்கத்தன்மை உடையதாகவும் கொண்ட மாரின் கொள்கையை 1950இல் ஸ்டாலின் மறுத்தமை நாமறிந்ததே. அடித்தளம் மாறும்போதெல்லாம் மொழியும் மாறுவதில்லை என்ற அளவில் அம்மறுப்புச் சரியானது. ஆயின் அத்தோடு நின்றுவிடின், மொழி சமூகப் போராட்டங்களுக்கு அப்பாற்பட்ட நடுநிலைக் கருவி என்ற எதிர்முனைத் தவறுக்கு ஆளாவோம். வொலோஷினோவ் 1929இல் வெளியிட்ட ‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ என்னும் நூல் இவ்விடத்துத் துணைபுரிகிறது. வெவ்வேறு வர்க்கங்கள் ஒரே மொழியையே கையாளுகின்றன. அதனாலேயே ஒரே சொல்லில் வெவ்வேறு நலன்கள் வந்து மோதுகின்றன என்பது அவர் வாதம். எனவே நாம் தேடவேண்டியது சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கத்தையன்று. சொல்லைச் சுற்றி நிகழ்ந்த மோதலை. அம்மோதல் தெளிவாகப் புலப்படுமிடம் இலக்கண நூல்களாகும்.

4. இலக்கணகாரர்கள்

ஆங்கிலத்துக்குத் தோன்றிய முதல் இலக்கண நூல் 1586இல் வெளிவந்த வில்லியம் புல்லோக்கரின் சிறு நூலாகும். அஃது இலத்தீன் இலக்கணமொன்றின் அச்சில் வார்க்கப்பட்டது. எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1540களில் பாடசாலைகளுக்குரிய நூலாக்கப்பட்ட, லில்லியின் பெயரால் வழங்கும் இலக்கணமே அவ்வச்சு. அதில் இலத்தீனின் ஒரு வினைப்பாங்கை மாணவர் இனங்காண்பதற்கான அடையாளங்களாக ‘மே’, ‘கான்’, ‘மைட்’ முதலிய ஆங்கிலச் சொற்கள் ஒருங்கே அடுக்கப்பட்டிருந்தன. ஆற்றலும் அனுமதியும் அங்கு ஒரே பட்டியலில் நின்றன; அவற்றைப் பிரித்துக் காட்டும் கவலை எழவில்லை.

அக்கவலை 18ஆம் நூற்றாண்டுக்குரியது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், ‘கான்’ என்பதும் ‘மே’ என்பதும் ஆற்றலும் அனுமதியும் வேறுபடுவதுபோல வேறுபடுவன என வகுத்தார். ஆயினும் கவிதையில் இவை மயங்குவதுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. றொபேட் லௌத் 1762இல் வெளியிட்ட சிறு இலக்கணமும், லிண்ட்லி மறே 1795இல் வெளியிட்ட இலக்கணமும் இவ்வேறுபாட்டைப் பாடமாக்கின. லௌத் பின்னர் ஒக்ஸ்போட்டிலும் லண்டனிலும் ஆயராக விளங்கியவர். மறே அமெரிக்காவிற் பிறந்து வழக்கறிஞராகப் பொருளீட்டி இங்கிலாந்திற் குடியேறியவர். யோர்க் நகரிற் குவேக்கர் சபையாரின் பெண்கள் பாடசாலை ஒன்றுக்காக அவர் எழுதிய நூல் பல இலட்சம் பிரதிகள் விற்று, அத்திலாந்திக்கின் இருகரையிலும் பாடசாலை இலக்கணம் என்றாலே அதுதான் என்னும் நிலையை எய்தியது.

இந்நூல்கள் எவரை நோக்கி எழுதப்பட்டன? வணிகத்தாலும் தொழிலாலும் செல்வம் பெற்று, அச்செல்வத்துக்கேற்ற நடையுடையும் மொழியும் நாடிய நடுத்தர வகுப்பினரே அவற்றின் பெரும்பான்மை வாசகர். பிறப்பால் உயர்குடியினன் தன் பேச்சைப்பற்றி அஞ்சவேண்டியதில்லை. அவன் பேசுவதே வழக்கு. புதிதாக மேலெழுந்தவனுக்குத்தான் தான் வந்த இடம் வாய்திறந்தவுடன் வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அவ்வச்சத்துக்கு மருந்தாக விதிகள் விற்கப்பட்டன. இலத்தீனில் ‘பொஸ்ஸும்’ ஆற்றலுக்கும் ‘லிசெட்’ அனுமதிக்கும் தனித்தனியே உரியவையாக நின்றமை, செவ்வியல் மொழி பயின்ற இலக்கணகாரருக்கு ஆங்கிலத்திலும் அத்தகைய எல்லைக்கோடு வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியிருக்கும் எனக் கருதலாம்.

இவ்விலக்கணகாரர் கூறியதிற் பொய்யில்லை என்பதையும் நாம் ஏற்கவேண்டும். அக்கால எழுத்துவழக்கின் பெரும்போக்கு அதுவே. ஆயின் ‘இவ்வாறு வழங்குகிறது’ என்ற கூற்று, 19ஆம் நூற்றாண்டின் வகுப்பறையில் ‘இவ்வாறன்றி வழங்குபவன் பண்பற்றவன்’ என்ற தீர்ப்பாயிற்று. வருணனை ஆசாரமாகியது. ‘குன்னன்’ குடும்பத்தின் இன்னொரு சொல் இதற்கு முன்னரே அவ்வழி சென்றிருந்தது. ‘அன்கூத்’ என்பதன் ஆதிப்பொருள் ‘அறியப்படாத’ என்பது மட்டுமே. அறியப்படாதவன் அந்நியனாகி, அந்நியன் நாகரிகமற்றவனாகிய பொருளிலேயே அச்சொல் இன்று வழங்குகிறது.

5. விண்ணப்பமும் வலிமையும்

இலக்கணத்தின் அரசியல் உள்ளடக்கத்தை இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் தம் அனுபவத்திலேயே கற்றனர். வாக்குரிமையற்றோர்க்குப் பாராளுமன்றத்தை அணுகுதற்கு விண்ணப்பம் ஒன்றே வழியாயிருந்தது. விண்ணப்பமோ தனக்கெனச் சொல்லாட்சி உடையது. பணிவுச் சொற்களோடு தொடங்கி, விண்ணப்பதாரர் என்றும் வேண்டிநிற்கக் கடமைப்பட்டவர் என முடிவது. 1793இல் ஷெபீல்ட் நகர மக்கள் பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரி அனுப்பிய விண்ணப்பம், அதன் மொழி அவமதிப்பாக உள்ளது என்ற காரணத்தால் ஏற்கப்படாது விடப்பட்டது. கோரிக்கையை ஆராயாமலே, கேட்ட விதம் பிழை என அது தள்ளப்பட்டது. எமது வகுப்பறை மாணவனுக்கு நேர்ந்ததும் இதுவே.

இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் கொபெட். சிறு விவசாயி ஒருவரின் மகனாக 1763இற் பிறந்து, நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் ஊதியம் பெற்ற சாதாரண படைவீரனாயிருந்த காலத்தில், லௌத்தின் இலக்கணத்தைக் கையால் எழுதிப் படியெடுத்து, காவல் நிற்கும் வேளைகளில் மனனஞ் செய்தவர். படைவீரர் கசையடி பெற்றதைக் கண்டித்து எழுதியமைக்காக 1810இல் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1818இல் அவர் வெளியிட்ட ‘ஆங்கில மொழி இலக்கணம்’, படைவீரர், மாலுமிகள், தொழில் பழகுவோர், ஏர்பிடிக்கும் சிறுவர் ஆகியோரைச் சிறப்பாக நோக்கி எழுதப்பட்டது என முகப்பிலேயே அறிவித்தது. பின்வந்த பதிப்பில், அரசியல் தலைவர்கள் பிழையான இலக்கணம் எழுதாது காப்பதற்கெனச் சில பாடங்களையும் சேர்த்தார். பிழைகளுக்கு எடுத்துக்காட்டாக அவர் கொண்டவற்றுள் அரச உரையும் அமைச்சர் எழுத்துக்களும் அடங்கும்! ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட ‘இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம்’ என்னும் நூலிலும், ஒலிவியா ஸ்மித் 1984இல் வெளியிட்ட ‘மொழியின் அரசியல்’ என்னும் நூலிலும் கொபெட்டின் இப்பணிக்குரிய இடம் நன்கு காட்டப்பட்டுள்ளது. ஆயின் கொபெட்டின் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. ஆளுவோரின் விதியை ஆளுவோர்க்கெதிராகத் திருப்பினாரேயன்றி, விதியின் அதிகாரத்தை அவர் கேள்விக்குட்படுத்தவில்லை.

அடுத்த தலைமுறையில், சாசன இயக்கத்தினர் 1839இல் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தையும், 1842இல் 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டதாகக் கூறப்பட்ட விண்ணப்பத்தையும் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசென்றனர். முன்னதை 46க்கு எதிராக 235 வாக்குகளாலும், பின்னதை 49க்கு எதிராக 287 வாக்குகளாலும் சபை தள்ளியது. அவ்வியக்கத்தின் புகழ்பெற்ற கோஷமொன்று, இயன்றால் அமைதியாக, வேண்டுமானால் பலத்தால், என்னும் பொருளுடையது. அதன் முதற்பாதி ‘மே’ என்ற சொல்லிலும் மறுபாதி ‘மஸ்ட்’ என்ற சொல்லிலும் முடிகின்றன. ஆற்றலையும் அனுமதியையும் ஒருங்கே தாங்கும் ‘மே’ இங்கு மிகப் பொருத்தமாக அமைந்துள்ளது. அமைதி வழி இயலுமா என்பது, இசைவளிக்கும் இடத்திலுள்ளோர் இசைவார்களா என்பதையே பொறுத்திருந்தது. இலக்கண நூல் வகுத்த எல்லைக்கோட்டை வரலாற்று நிலைமையே அழித்துவிட்டது.

6. சட்டமும் சந்தையும்

1799இலும் 1800இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடைசெய்தன. ஒன்றுசேரும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது, அனுமதி இருக்கவில்லை. 1824இல் அத்தடை நீக்கப்பட்டது. ஆயின் பத்தாண்டுகளில், 1834ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டம் உழைப்பாளியை வேறொரு நிலைக்குட்படுத்தியது. விரும்பிய முதலாளியிடம் விரும்பிய விலைக்கு உழைப்பை விற்க அவனுக்கு அனுமதி உண்டு. விற்காது வாழும் ஆற்றல் இல்லை. ‘மூலதனம்’ முதற்பாகத்தில் (1867) மார்க்ஸ் விளக்கும் இருபொருட்பட்ட சுதந்திரம் இதுவே: தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கச் சுதந்திரமுடையவன்; ஏனைய உடைமைகளிலிருந்தும் ‘சுதந்திரம்’ பெற்றவன். முதலாளித்துவச் சட்டம் வழங்கும் உரிமைகள் பெரிதும் அனுமதியின் வாக்கியத்தில் அமைந்தவை. ஆற்றலின் வாக்கியத்தைச் சந்தையே எழுதுகிறது. ஆங்கிலச் சட்ட வாசகத்தில் ‘ஷல்’, ‘மே’ என்பவற்றின் ஆட்சியை 1840களில் முறைப்படுத்த முயன்ற ஜோர்ஜ் கூட், வறியோர் சட்ட ஆணையத்தின் அலுவலராயிருந்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதனினும் வியப்பானது, மாணவனின் ‘பிழையை’ ஆங்கிலச் சட்டமே நீண்டகாலம் செய்துவந்தமையாகும். கத்தோலிக்கர் 1829 வரையும் யூதர் 1858 வரையும் பாராளுமன்றத்தில் அமரத் தடை இருந்தது. அத்தடைகளைச் சட்டமும் அரசியலும் ‘டிஸெபிலிட்டி’ என்றே பெயரிட்டழைத்தன. நேர்ப்பொருளில் அஃது ஆற்றலின்மை. அவர்கள் அமர முடியாதவர்களல்லர், அமர விடப்படாதவர்கள். அனுமதி மறுப்பை ஆற்றலின்மை எனப் பெயரிடும்போது, மறுத்தவர் மறைந்து, குறை மறுக்கப்பட்டவர்மேற் சார்கிறது.

இச்சொல் எம் நாட்டுக்கும் வந்தது. 1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவர் மீது சுமத்தப்படாத ‘டிஸெபிலிட்டி’ எதனையும் ஒரு சமூகத்தவர்மேற் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. 1953இல் கோமறைக் கழகம், கோடகன்பிள்ளை வழக்கில், இச்சட்டங்கள் அப்பிரிவை மீறவில்லை எனத் தீர்த்தது. குடியுரிமையற்ற இலட்சக்கணக்கானோரின் நிலை, சட்டத்தின் சொல்லகராதியில் ‘ஆற்றலின்மை’ ஆகவில்லை! 2003ஆம் ஆண்டிலும் அவர்களுட் சிலருக்காகத் தனிச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. சொல்லின் எல்லையை வரையும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பது புலமை விளையாட்டன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

7. வழக்கின் போக்கு

விதி வகுப்பறையில் ஆட்சி செய்த காலத்திலேயே மக்கள் வழக்கு தன் வழியிற் சென்றது. 19ஆம் நூற்றாண்டிலேயே ‘கான்’ அனுமதிப் பொருளிற் பரவலாயிற்று. மறுப்பில் அதன் வெற்றி முழுமையானது. ‘மே’ என்பதன் குறுகிய எதிர்மறை வடிவம் பேச்சில் ஏறத்தாழ மறைந்துவிட, அனுமதி மறுக்கும் ஆசிரியரும் ‘யூ கான்ட்’ என்றே கூறவேண்டியவரானார். கேட்கும்போது பிழையானது மறுக்கும்போது பிழையன்று. பால்மர் 1979இலும் ஜெனிபர் கோட்ஸ் 1983இலும் வெளியிட்ட ஆய்வுகள், உண்மையான பேச்சையும் எழுத்தையும் ஆராய்ந்து, அனுமதிக்கு ‘கான்’ இயல்பான வழக்கு என்பதையும் ‘மே’ முறைசார்ந்த சூழல்களுக்குரியதாகியுள்ளது என்பதையும் காட்டின. பிரித்தானிய எழுத்துமொழியின் 1961, 1991 ஆகிய ஆண்டுகளுக்குரிய தொகுப்புக்களை ஒப்பிட்டு ஜெஃப்ரி லீச் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷல்’ மூன்றும் குறைந்திருந்தன, ‘கான்’ குறையவில்லை.

இங்கு ஒரு நுட்பமான பொருள்வேறுபாடு கருதத்தக்கது. ‘மே’ கொண்டு கேட்பவன், இசைவளிக்கும் அதிகாரம் எதிரே நிற்பவரிடம் உள்ளது என்பதை வாக்கியத்திலேயே ஏற்றுக்கொள்கிறான். ‘கான்’ கொண்டு கேட்பவன், தடை ஏதும் உளதா என்றே வினவுகிறான். தடையின் மூலம் எவர் என்பதை அவன் வாக்கியம் பெயரிடுவதில்லை. ‘குட்’, ‘மைட்’ என்னும் இறந்தகால வடிவங்களாற் கேட்பது பணிவை மேலும் கூட்டும். ஆயின் அவ்வடிவங்களால் அனுமதி கேட்கலாமேயன்றி வழங்கமுடியாது. பணிவு கேட்போன் பக்கத்துக்கு மட்டும் உரியது. எனவே ஆசிரியர் ‘மே’ என்று சொல்லுமாறு வற்புறுத்தும்போது, அவர் பொருட்டெளிவை மட்டும் கோரவில்லை. மாணவன் கேட்டது என்ன என்பது அவருக்கு முன்னரே தெளிவாக விளங்கியிருக்கிறது. தம் அதிகாரம் வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளப்படுவதையே கோருகிறார்.

உலக மக்களுக்கெனச் சுருக்கப்பட்ட ஆங்கிலம் ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். சி. கே. ஒக்டன் 1930இல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலிஷ்’ 850 சொற்களைக் கொண்டது. அதன் பதினெட்டு வினைச்சொற்களுள் ‘மே’ உண்டு, ‘கான்’ இல்லை. ‘ஏபிள்’ என்ற சொல் பட்டியலில் இருப்பதால் ‘கான்’ மிகையாயிற்று என்பதே இதற்குரிய விளக்கம். இதிற் சதி எதனையும் நாம் காணவேண்டியதில்லை. ஆயினும் 1943இல் சேர்ச்சில், எதிர்காலப் பேரரசுகள் மனத்தின் பேரரசுகள் என்ற கருத்தோடு ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பாராட்டிய ஆங்கிலம் இதுவே என்பதை மறப்பதற்கில்லை.

8. எமது வகுப்பறை

இவ்வாய்வு எமக்கு என்ன பயன் தரும்? முதலாவதாக, ‘கான்’ என்று கேட்கும் தமிழ் மாணவன் அறியாமையால் மட்டும் அவ்வாறு கேட்பதில்லை. அவன் தாய்மொழியிலும் ஆற்றற் சொல் அனுமதியின் எல்லைக்குள் நுழைந்துள்ளது. ‘இயலாது’ என்பதன் பேச்சுவடிவமான ‘ஏலாது’ எம் பிரதேசங்களில் வலுவின்மையையும் குறிக்கும். ‘உள்ளுக்கு வரேலாது’ என வாயிலில் நிற்பவர் கூறும்போது தடையையும் குறிக்கும். ‘கூடாது’ என்பதோ, பொருந்தாமையையும் இயலாமையையும் உணர்த்திய நிலையிலிருந்து முழுமையான விலக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. ‘போகலாம்’ என்பது நிகழக்கூடியதையும் அனுமதிக்கப்பட்டதையும் ஒருங்கே தருகிறது. ஆங்கிலத்தில் நிகழ்ந்த பொருளசைவு எமக்கு அந்நியமானதன்று.

இரண்டாவதாக, எம் நாட்டில் ஆங்கிலம் வகிக்கும் இடம் இவ்விதிகளுக்கு அவற்றின் தாயகத்தில் இல்லாத கூர்மையை அளித்துள்ளது. பல்கலைக்கழகங்களுக்குக் கிராமப்புறங்களிலிருந்து வந்த சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், எனப் பெயரிட்டழைத்தனர். அப்பெயரின் சமூக உள்ளடக்கத்தைத் திரு கந்தையா அவர்கள் 1984இல் வெளியான கட்டுரையில் ஆழமாக ஆராய்ந்தார். வாளின் முனை பெரிய இலக்கியங்களில் இல்லை. ஒரு நேர்முகப் பரீட்சையில், ஓர் அலுவலகக் கதவடியில், ஒரு சிறு துணைவினையிலேயே அது முதலில் உடலைத் தொடுகிறது. பொருள் முற்றாக விளங்கிய பின்னரும், சொன்னவன் சிறுமைப்படுத்தப்படுகிறான்.

‘மே’ என்பதைக் கற்பிக்க வேண்டாம் என்பது எமது வாதமன்று. முறைசார்ந்த சூழலில் எச்சொல் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அறியாது விடப்படும் மாணவனே வாளுக்கு முதலில் இரையாவான். கொபெட் கற்பித்த பாடம் இன்றும் செல்லும். ஆயின் கொபெட்டோடு நின்றுவிடவும் முடியாது. இது வழக்கு, இது ஆசாரம், இவ்வாசாரம் இக்காலத்தில் இவர்களால் விதியாக்கப்பட்டது, இன்று இவ்வாறு தளர்ந்து வருகிறது என்பவற்றை விதியோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவன் வேண்டுமிடத்து ‘மே’ என்பான். ‘கான்’ என்ற இன்னொருவனைப் பார்த்துச் சிரிக்கமாட்டான். அறிதலைக் குறித்த சொல்லே ஆற்றலைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்தது என்ற ‘கான்’ வரலாறு, மொழி கற்பிப்போர் அனைவருக்கும் உரியதொரு பாடமுமாகும்.